தொட்டிக்கு அடியில் கல் எதற்கு?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

செடி வாங்க வருகிறவர்களில் பலரும் கூடவே ஒரு பை கூழாங்கல்லும் கேட்கிறீர்கள், அடியில் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று. கல் விற்றால் எங்களுக்கு வியாபாரம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறோம், அதற்காக வாங்க வேண்டாம்.

பொடி மண்ணில் ஊறிய தண்ணீர் கல்லின் பெரிய இடுக்குக்குள் லேசில் இறங்காது, மேலே இருக்கும் மண் நிறைந்து இனித் தாங்காது என்ற பிறகுதான் சொட்டும். கல் இல்லாத தொட்டியிலும் அடிமண் கொஞ்சம் சதசதவென்றுதான் இருக்கும். கல்லைப் போட்டால் அந்தச் சதசதப்பு அப்படியே மேலேறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வாடிப்போன கறிவேப்பிலைச் செடியைக் கவிழ்த்துப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருக்கும், கல்லுக்குச் சற்று மேலே மட்டும் கறுத்துப்போய் சாக்கடை வாடை அடிக்கும், வேரைப் பிடித்து இழுத்தால் தோல் கையோடு வரும்.

அதற்குப் பதில் தொட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், அதன்மேல் ஒரு துண்டு வலை, அப்புறம் மண்ணிலேயே பெர்லைட்டோ பியூமிஸோ (இரண்டும் எரிமலைப் பாறையிலிருந்து வரும் லேசான பொடிக்கற்கள்) கலந்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரி அடைமழையில் வித்தியாசம் தெரியும்.

கல்லே வேண்டாமா என்றால், மேலே போடலாம். பார்க்க அழகு, மழைச் சாரலில் மண் தெறித்து வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரச் சுவரெல்லாம் அழுக்காகாது, காற்றில் சாயும் உயரமான செடிக்குக் கனமும் கிடைக்கும். ஒரே அடுக்காகப் போடுங்கள், தண்ணீர் ஊற்றும் முன் கல்லை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஏனென்றால் கல்லுக்குக் கீழே ஈரம் சீக்கிரம் காயாது.

வெள்ளைக் கல் என்றால் முதலில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்லோ பளிங்கோ, நாள்பட மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். இட்லிப்பூச் செடிக்கு ஆகவே ஆகாது, நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும்.

இன்னொன்று, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் கல் நிரப்பிவிட்டால் கொசு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். கல்லிடுக்கில் நிற்பதும் தண்ணீர்தானே! டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும், அதனால் தட்டைக் கொட்டிக் கழுவிவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கும் கல் பையைக் கொண்டுவந்தால், அதே விலைக்குப் பியூமிஸ் கலந்த மண்ணாக மாற்றித் தருகிறோம். ரசீது இல்லாவிட்டாலும் சரி.