சுண்ணாம்பு விழுந்த இடம் காட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் மண் மாதிரி எடுக்கும் வேலை முடிந்தது. கை கொடுத்த எல்லாருக்கும் இந்த மடல்.

ஆப்பிரிக்கச் சவன்னாவில் இன்று மரம் நிற்கும் இடத்தில் முன்பு புல் இருந்ததா என்று கண்டுபிடிக்க மண்ணிலுள்ள கார்பன்-13ஐ (கார்பனின் சற்றுக் கனமான வகை) அளப்பார்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கும் இடத்தில் முன்பு லாலான் என்னும் களைப்புல் இருந்ததா என்று பார்க்க, அதே வழியைத்தான் இங்கே கொண்டுவந்தோம். காற்றின் கார்பனைப் பிடிக்கும் முறையில் கித்தா (ரப்பர்), செம்பனை, காட்டு மரம் எல்லாம் சி3 வகை. அவற்றின் கார்பன்-13 அளவு, ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு மைனஸ் 27 பக்கம். லாலான் பிடிப்பது வேறு முறையில், அது சி4, மைனஸ் 12 பக்கம். இலையும் வேரும் மக்கி மண்ணான பிறகும் இந்த இடைவெளி அழியாது. மேல்மண் அண்மைக் காலத்தைச் சொல்லும், ஆழத்து மண் பழசைச் சொல்லும்.

முதல் நன்றி, எந்தெந்த நிரையில் மேக்னீசியச் சுண்ணாம்புத் தூள் போட்டார்கள் என்று நடந்தே காட்டிய மண்டோர் (மேற்பார்வையாளர்) ஐயாவுக்கும் உரம் போடும் அக்காமார்களுக்கும். அந்தத் தூளின் கார்பன்-13 அளவு இதே கணக்கில் சுழியத்தை ஒட்டி இருக்கும். மண்ணின் கார்பனில் பத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தாலே மைனஸ் 27 என்பது மைனஸ் 24.3 ஆகிவிடும். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 18 பங்கு லாலான் என்று வரும், ஒரு புல்கூட முளைக்காத இடத்தில்! அமிலம் விட்டுப் பார்த்தால் நுரைக்குமே என்பீர்கள். சாதாரணச் சுண்ணாம்பு நுரைக்கும். மேக்னீசியம் கலந்தது குளிர்ந்த அமிலத்தில் மெதுவாகத்தான் கரையும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் சுண்ணாம்பை நீக்க, நீங்கள் காட்டிய நிரைகளின் மண்ணை மட்டும் வெள்ளிக் கிண்ணத்தில் நிறுத்து, நனைத்து, ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் ஒரு பகல் ஒரு இரவு வைத்தோம். வழக்கமான வெள்ளீயக் கிண்ணத்தை அந்த ஆவி அரித்துவிடும்.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து வேர் பொறுக்கிய அம்மாக்களுக்கு அடுத்த நன்றி. 2 மில்லிமீட்டர் சல்லடையையும் மயிர்வேர் தாண்டிவிடும். குலை வெட்டப் போகும் பாதையில் முளைக்கும் புற்களில் சில சி4 என்பதால், இன்றைய வேர் கொஞ்சம் தங்கினாலும் பழைய லாலான் மாதிரி வேஷம் போடும். இடுக்கியும் பொறுமையும் தவிர வேறு வழியில்லை. ஈர மண்ணைப் பையில் கட்டி வைக்காமல் அன்றே தாளில் பரப்பிக் காயவைத்ததும் நீங்கள்தான்.

மரத்தடி வட்டம், பாதை, மட்டைக் குவியல் மூன்றிலும் தனித்தனியே எடுத்தோம். ஒன்றோடு ஒன்று கலந்தால் வரைபடமே குழம்பிவிடும். செம்புறைக்கல்லில் துளைக்கருவி சிக்கியபோதெல்லாம் கடப்பாரையோடு ஓடிவந்த தம்பிகளை மறக்க மாட்டோம்.

தோட்டம் போடாத ஓரக் காட்டில் தோண்ட விட்டவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். புல்லே பார்க்காத காட்டு மண்ணிலும் ஆழம் போகப் போக அளவு ஆயிரத்துக்கு 1 முதல் 3 வரை கூடும். அந்தக் குழி இல்லாவிட்டால் அதையும் லாலான் கணக்கில் எழுதியிருப்போம்.

குழிகளை மூடிவிட்டோம். சிவப்புச் சாயம் பூசிய குச்சிகளை மட்டும் இப்போதைக்குப் பிடுங்க வேண்டாம். சந்தேகமான இடங்களில் மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
மண் மாதிரிக் குழுவினர், பகாவ்