நெல்லுக்கு உங்க அஞ்சு வருஷக் கணக்கு தெரியாதுங்க: ஃபெல்லோஷிப் முடிவு பண்ற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு பிஹெச்டி ஸ்காலர். லைஃப் சயின்சஸ்ல நெட்னு சொல்ற தேசிய தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப்னு சொல்ற ஜூனியர் ஃபெல்லோஷிப், அதாவது மாசாமாசம் வர்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி 2019 ஆகஸ்ட்ல ஜாயின் பண்ணேன், நெல்லுல வர்ற பாக்டீரியா இலைக்கருகல் நோய்ல வேலை பாக்கறேன். ஃபெல்லோஷிப் நின்னு எட்டு மாசம் ஆச்சு, ஆனா வேலை இன்னும் முடியல. காலைல ஆறரைக்கெல்லாம் நெட் ஹவுஸ்ல, அதான் செடி வளக்கற வலைக்கூண்டுல இருப்பேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு டியூஷன் சென்டர்ல ப்ளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி எடுக்கறேன், அதுல வர்ற காசுலதான் மெஸ் பில்லும் யுனிவர்சிட்டி ஃபீஸும் கட்டறேன். எனக்கு மட்டும் ஏதாவது பாத்து பண்ணுங்கன்னு கேக்க இத எழுதல. உயிரியல்ல பிஹெச்டி பண்ற எல்லாருக்கும் ஃபெல்லோஷிப்ப ஆறு வருஷமா ஆக்கணும்னு கேக்கறேன், ஏன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

இப்போ இருக்கற ரூல் என்னன்னா, முதல் ரெண்டு வருஷம் ஜேஆர்எஃப், அப்புறம் ஒரு கமிட்டி உக்காந்து வேலைய பாத்துட்டு அத எஸ்ஆர்எஃப்னு சொல்ற சீனியர் ஃபெல்லோஷிப்பா ஆக்கும், அது மூணு வருஷம், மொத்தம் அஞ்சு. 2023 ஜனவரிலருந்து ஜேஆர்எஃப் மாசம் 37,000, எஸ்ஆர்எஃப் 42,000, அதுக்கு முன்னாடி 31,000மும் 35,000மும் இருந்தது, ஏத்திக் கொடுத்ததுக்கு மனசார நன்றி. ஆனா யூஜிசியோட, அதான் பல்கலைக்கழக மானியக் குழுவோட 2022 விதிமுறைலயே பிஹெச்டி முடிக்க ஆறு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, பெண்களுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு வருஷம் சேத்துக்கலாம்னு போட்டிருக்கு. அப்போ ஆறாவது வருஷமும் படிப்புதான்னு ரூலே ஒத்துக்குது, அந்த வருஷம் நாங்க என்னத்த சாப்பிடறதுன்னு மட்டும் யாரும் எழுதி வைக்கல.

ஏன் அஞ்சுல முடிய மாட்டேங்குதுன்னு கேப்பீங்க. என் வேலையவே சொல்றேன். டெல்டா பக்கம் ஆயிரத்தொம்பதுன்னு சொல்ற சிஆர் 1009 நெல்லு இருக்கே, இட்லிக்கு அவ்ளோ நல்லா இருக்கும், அதுக்குள்ள இலைக்கருகல தாங்கற ஜீன கொண்டு வரணும். இது ஒண்ணும் நடக்காத காரியம் இல்ல, நம்ம ஊர்ல ஆந்திரா பொன்னின்னு சொல்ற பிபிடி 5204ல எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5னு மூணு ஜீன சேத்து ஹைதராபாத்ல சிசிஎம்பிங்கற உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குனரகமும் கூட்டா 2008ல இம்ப்ரூவ்டு சம்பா மஹ்சூரின்னு ரகமே வெளியிட்டாங்க. அந்த நெல்லுதான் எனக்கு ஜீன் கொடுக்கற செடி.

வழி என்னன்னா, ரெண்டையும் கலப்பு பண்ணி, வந்த செடிய திரும்ப ஆயிரத்தொம்பதோட கலப்பு பண்ணி, அத திரும்ப, அத திரும்ப. சாயங்காலம் கதிர்ல இருக்கற ஒவ்வொரு பூவோட நுனியையும் கத்தரிச்சு, ஃபோர்செப்ஸால உள்ள இருக்கற ஆறு மகரந்தப்பையையும் ஒண்ணு விடாம எடுத்துட்டு பட்டர் பேப்பர் கவர் போட்டு கட்டணும், அதுல ஒண்ணு உள்ள தங்கிட்டாலும் தன் மகரந்தத்துலயே காய் புடிச்சிடும், பாடுபட்டது வீண். மறுநாள் காலைல பூ விரியற நேரத்துல மகரந்தம் தூவணும், அந்த நேரம் போச்சுன்னா அன்னிக்கு வேலை போச்சு. இப்படி அம்பது பூவுல பண்ணா பத்து பன்னெண்டு மணி கெடச்சா எனக்கு அது நல்ல நாள்.

ஆயிரத்தொம்பது கிட்டத்தட்ட 160 நாள் பயிர். முதல் கலப்புலருந்து கடைசி நோய் டெஸ்ட் வரைக்கும் எனக்கு ஏழு பயிர் வேணும், ஏழு பெருக்கல் 160, 1,120 நாள். ஒரு தப்பும் நடக்காம, ஒரு நாள் கூட இடைவெளி விடாம போனாலே மூணு வருஷத்துக்கு மேல. கோர்ஸ் ஒர்க், பேப்பர், தீசிஸ் எல்லாம் அதுக்கு மேல. கணக்கு போட்டா அஞ்சுக்குள்ள அடங்கற மாதிரிதான் தெரியும், நானும் அப்படித்தான் நம்பி சேர்ந்தேன்.

2020 மார்ச் 24 சாயங்காலம் கேம்பஸ காலி பண்ண சொன்னாங்க. நெட் ஹவுஸ்ல என் முதல் கலப்பு, கவர் கட்டின கதிரு, மணி பால் புடிச்சிட்டு இருந்தது. தண்ணி ஊத்த கூட யாரையும் உள்ள விடல. செப்டம்பர்ல திரும்ப போயி பாக்கறப்போ பானைல மண்ணு பாளம் பாளமா வெடிச்சு கெடந்தது, கவர்ல நான் பென்சில்ல எழுதின தேதி மட்டும் அழியாம அப்படியே இருந்தது. அப்புறம் தீசிஸ் சப்மிட் பண்றவங்களுக்கு ஆறு மாசம் டைம் நீட்டிக் கொடுத்தாங்க, ஆனா அதே அறிவிப்புல ஃபெல்லோஷிப் அஞ்சு வருஷம் மட்டும்தான்னு ஒரு வரி சேத்திருந்தாங்க, அந்த ஒரு வரிய நான் எத்தன தடவ படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியல.

அடுத்தது மூணாவது பேக்கிராஸ், அதான் ஆயிரத்தொம்பதோட மூணாவது தடவ திரும்ப பண்ற கலப்பு. நாத்துல இருக்கறப்பவே இலைலருந்து டிஎன்ஏ எடுத்து எந்த செடில ஜீன் இருக்குன்னு பிசிஆர்ல, அதான் டிஎன்ஏவ பல மடங்கா பெருக்கிப் பாக்கற டெஸ்ட்ல பாத்தாகணும், அதுவும் பூக்கறதுக்கு முன்னாடியே பாத்தாகணும், அப்போதான் எந்த செடிய கலப்புக்கு எடுக்கணும்னு தெரியும். அந்த டெஸ்டுக்கு வேணுங்கற என்சைம் ஆர்டர் ஃபைல் ஒவ்வொரு டேபிளா சுத்தி கையெழுத்து வாங்கவே ரெண்டரை மாசம் ஆச்சு, கடைசில பார்சல் ஒரு சனிக்கிழமை வந்து ஆபீஸ் பூட்டியிருக்குன்னு கொரியர்லயே ரெண்டு நாள் கெடந்தது, திங்கக்கிழமை தெர்மோகோல் டப்பாவ தொறந்தா ஐஸ் பேக் வெந்நி மாதிரி இருந்தது. பிசிஆர் ஓட்டி ஜெல்ல பாத்தேன், டிஎன்ஏவ காட்டற கோடு, பேண்டு, ஒண்ணு கூட வரல. திரும்ப ஆர்டர் போட்டு அது வர்றதுக்குள்ள நூத்தி எழுபது செடியும் பூத்து முடிஞ்சிருச்சு. இன்னொரு பயிர் போச்சு. இதுல நான் சோம்பேறியா இருந்தது எங்கன்னு நீங்களே சொல்லுங்க.

எங்க லேப்ல மட்டும் இல்லைங்க. எலில வேலை பாக்கற தோழி ஒருத்தி இருக்கா, எலி குட்டி போட மூணு வாரம், குட்டி வளந்து அடுத்த ஜோடி சேக்க ஆறு எட்டு வாரம், அதுக்கும் முன்னாடி அனிமல் எதிக்ஸ் கமிட்டி கூடி அனுமதி கொடுக்கணும், கமிட்டி கூடறதுக்கே சில சமயம் மாசக்கணக்குல காத்திருப்பா. தவள மேல வேலை பாக்கற இன்னொருத்தருக்கு வடகிழக்கு பருவமழை வருஷத்துல ஒரு தடவதான், ஒரு வருஷம் மழை பொய்ச்சா அந்த வருஷ டேட்டாவே இல்ல. உயிரோட வேலை பாக்கறவங்க எல்லாரும் அந்த உயிரோட காலத்துக்குத்தான் காத்திருந்தாகணும், நாங்க ராத்திரி பகலா உக்காந்தாலும் நெல்லு முன்கூட்டி பூக்கப் போறதில்ல.

காசு கணக்கும் நானே போட்டு தர்றேன். இன்னிக்கு ரேட்டுல ரெண்டு வருஷ ஜேஆர்எஃப் 8,88,000, மூணு வருஷ எஸ்ஆர்எஃப் 15,12,000, மொத்தம் 24 லட்சம், இதுல வீட்டு வாடகைப்படிய சேக்கல. 24 லட்சம் ஜனங்க வரிப்பணம் போட்டு ஒருத்தர வளத்துட்டு, கதிர் முத்தற நேரத்துல தண்ணிய நிறுத்தறீங்க. இன்னொரு வருஷத்துக்கு ஆகறது 5,04,000. அத கொடுக்காததால பாதில விட்டுட்டு மெடிக்கல் கோடிங்குக்கு போனவங்க எங்க பேட்ச்லயே ரெண்டு பேர், அதுல ஒருத்தி எங்க எல்லாரையும் விட கெட்டிக்காரி, அவ செஞ்ச வேலை நோட்புக்கோட நின்னு போச்சு, அத எடுத்து தொடர இப்போ ஆளே இல்ல.

எல்லாருக்கும் கண்ண மூடிட்டு நீட்டிக் கொடுங்கன்னு சொல்லல. நாலரை வருஷம் ஆனதும் ஜேஆர்எஃப் எஸ்ஆர்எஃப் ஆக்கறப்போ உக்காருதே அதே மாதிரி ஒரு கமிட்டிய உக்கார வைங்க, லேப் நோட்புக்க பிரிச்சு பாக்கட்டும், நெட் ஹவுஸுக்கே வந்து பாக்கட்டும், எந்த பயிர் எதனால போச்சுன்னு கேக்கட்டும், நியாயமா தெரிஞ்சா எஸ்ஆர்எஃப் ரேட்லயே ஆறாவது வருஷம் கொடுக்கட்டும். இன்னொண்ணு, கொடுக்கற காச மாசாமாசம் கொடுங்க. எனக்கு ஒரு தடவ ஏழு மாசம் வராம மொத்தமா வந்தது, அந்த ஏழு மாசமும் அம்மா சீட்டு எடுத்து அனுப்பினாங்க, அரியர்ஸ் வந்தன்னிக்கு அது பூரா கடனுக்கே போச்சு. முப்பது வயசுல அம்மாகிட்ட காசு கேக்கறப்போ, நான் சோறு போடற பயிருக்குத்தானே வேலை பாக்கறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் ஃபோன் பண்ணுவேன்.

இப்போ ஏழாவது பயிர் நிக்குது. பாக்டீரியா கலந்த தண்ணில கத்தரிக்கோல முக்கி எல்லா செடிலயும் இலை நுனிய வெட்டி விட்டிருக்கேன், வெட்டி பதினோரு நாள் ஆகுது. ஜீன் இல்லாத செடில இலை ஒரு சாண் நீளத்துக்கு வைக்கோல் மாதிரி காஞ்சு இறங்கிட்டு இருக்கு, என் செடிகள்ல பல இலைல ரெண்டு விரல்கடையோட நின்னிருக்கு. பதினாலாவது நாள் ஸ்கேல் வெச்சு அளக்கணும், அன்னிக்கு டியூஷன் சென்டருக்கு லீவு சொல்லியாச்சு. உங்கள்ல யாராவது அன்னிக்கு வந்து பாத்தா சந்தோஷப்படுவேன், வர முடியலன்னா இந்த லெட்டருக்கு ஒரு பதிலாவது போடுங்க.

இப்படிக்கு,
ஆறாவது வருஷத்துல இருக்கற ஒரு ஸ்காலர்