6, 7, 8-ஆம் வகுப்புப் பெற்றோருக்கு: நாங்கள் ஏன் ஹோம்வொர்க் கொடுப்பதில்லை

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

"ட்யூஷன்லயும் ஹோம்வொர்க் கொடுங்க சார்" என்று பலரும் கேட்கிறீர்கள். 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுப்பதில்லை, இனியும் கொடுக்க மாட்டோம்.

நேரத்தைக் கணக்குப் பாருங்கள். நெல்லிக்குப்பம் பக்கமிருந்து வரும் பிள்ளைக்கு காலை 7 மணிக்கு வேன். 6 மணிக்கு எழ வேண்டும். இந்த வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பதால் இரவு 9-க்குப் படுத்தாக வேண்டும். இங்கே 6 மணிக்கு விட்டால் வீடு சேர 6.45. குளியல், சாப்பாடு போக மிஞ்சுவது ஒன்றேகால் மணி நேரம். ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பைக் கொள்கையும் இந்த வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 1 மணி நேர வீட்டுப்பாடம்தான் உச்சம் என்கிறது. பள்ளி கொடுப்பதே அதை நிரப்பிவிடுகிறது.

பாடம் கடினமாக இருக்கட்டும், அதுதான் நல்லது. ஆனால் பக்கம் பக்கமாக எழுதுவது கடினமான படிப்பு ஆகாது. 1/2 + 1/3 போடச் சொன்னால் 2/5 என்று எழுதும் பிள்ளைகள் 7-ஆம் வகுப்பிலும் உண்டு. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரைக்கும் குறைவாக எப்படி வரும் என்று நின்று பார்ப்பதில்லை. இந்த நிலையில் இருபது கணக்கு கொடுத்தால் தப்புதான் இருபது முறை பழகும். அதனால் இங்கே ஒரு வகுப்புக்கு நாலே கணக்கு. போடுவதற்கு முன் விடை அரையைவிடப் பெரிதா, ஒன்றைத் தாண்டுமா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும் வந்ததும் ஒத்துப்போகாவிட்டால், எங்கே பிசகியது என்று அவர்களே தேட வேண்டும். ஒரு கணக்குக்குக் கால் மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

வீட்டில் எழுத்து வேலை 9 மணியைத் தாண்டுகிறதா? ஒரு வாரம், பாடவாரியாகத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். யோசித்து எழுதியதா, பார்த்து எழுதியதா என்றும் பக்கத்தில் போடுங்கள். பெரும்பாலும் நேரத்தைத் தின்பது அறிவியல், சமூக அறிவியல் வினா-விடையைப் பார்த்து எழுதுவதுதான். வகுப்பு ஆசிரியரிடம் "வேலை ரொம்ப அதிகம்" என்று சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும். "செவ்வாய்க்கிழமை வினா-விடை எழுத மட்டும் 50 நிமிடம் ஆச்சுங்க" என்று தாளைக் காட்டினால், எதைக் குறைக்கலாம் என்று அவருக்கும் தெரியும்.

கணக்கில் 10 நிமிடம் முட்டி நின்றால், கேள்வி எண்ணை வட்டமிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். தயவுசெய்து நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள். எந்த வரியில் நின்றார்கள் என்று தெரிந்தால்தான் எங்களால் சரிசெய்ய முடியும்.

அந்தத் தாளைச் சனிக்கிழமை பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பள்ளி கொடுத்த வேலையில் எதை இங்கேயே முடித்து அனுப்பலாம் என்று பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ட்யூஷன் ஆசிரியர்கள்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்