பூட்டிக் கிடக்கும் கணினி அறைக்கு இணைய இணைப்பு கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்: பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர்கள், தாராவி, மும்பை.
பெறுநர்: உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்.

ஐயா,

வணக்கம். ஜூலையிலும் அக்டோபரிலும் கொடுத்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. 90 அடி சாலையிலிருந்து எங்கள் தமிழ்வழிப் பள்ளிக்கு வரும் சந்து தங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கு வந்து மாடிப்படி ஏறியிருக்கிறீர்கள்.

1. தொண்டு நிறுவனம் ஒன்று 10 கணினிகள் கொடுத்து எட்டு மாதமாகிறது. ஓராண்டு இணையக் கட்டணமும் அவர்களே கட்டுவார்கள். கேபிள் இழுக்க அனுமதிக் கடிதம் மட்டுமே பாக்கி.

2. தலைமையாசிரியர் மேலிடத்தைக் கைகாட்டுகிறார். மேலிடம் கட்டடப் பிரிவைக் கேட்கச் சொல்கிறது. கட்டடப் பிரிவோ நிறுவனத்தின் ஒப்பந்தக் கடிதம் வரவில்லை என்கிறது. கடிதம் கொடுத்தாகிவிட்டது, முத்திரை வைத்த நகல் எங்களிடம் இருக்கிறது. பள்ளிக்குத் தேவையானதைப் பதிந்தால் உதவுவோர் நேரே வரட்டும் என்றுதானே 2021 செப்டம்பரில் மத்திய அரசு வித்யாஞ்சலி தளத்தைத் திறந்தது?

3. எங்களை மிகவும் சுட்டது இதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புவரை. விண்ணப்பம் பள்ளி மூலம், இணையத்தில்தான். டீச்சர் தன் செல்போனிலேயே ஒவ்வொன்றாக ஏற்றினார். கடைசி நாள் இரவு ஒன்பது மணிக்குப் படம் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு பிள்ளைகள் விடுபட்டார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. அவள் அப்பா தோல் பட்டறையில் இரண்டு நாள் கூலியை விட்டு வாங்கிவந்த வருமானச் சான்று நனையக்கூடாதென்று பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு பிடித்து நின்றாள். எட்டாம் வகுப்பில் மட்டும்தான் இந்தத் தேர்வு, ஐயா. இனி அவளுக்கு இல்லை. அதே மாடியில் 10 கணினிகளும் பழைய போர்வைக்கடியில் கிடந்தன.

4. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரை உட்கார வைத்திருக்கிறது. எதற்கு? வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகவா?

5. ஜூனில் மழை பிடித்துவிடும். அந்த அறையின் ஜன்னலோரம் ஒழுகும்.

கணினி கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. பள்ளி, நிறுவனம், கட்டடப் பிரிவு மூவரையும் ஒரே நாளில் தங்கள் முன்னால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நாங்களும் கூலியை விட்டு வருகிறோம். இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த விண்ணப்பத்துக்கு வருவதற்குள் அந்த அனுமதியைக் கொடுங்கள், ஐயா. தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் உறுப்பினர்கள்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கம்)