மலர்க் கண்காட்சிக்கு அப்பாலும் நிதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில், லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றி வந்த வில்லியம் கிரகாம் மக்ஐவர் 1848ஆம் ஆண்டு உருவாக்கத் தொடங்கிய உதகை அரசு தாவரவியல் பூங்காவுக்கு, கருவிகள் வாங்குவதற்கென்றே தனி நிதி ஒதுக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதம்.

உறைபனிக் காலத்தில் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடிகளைக் கொண்டு மூடியும், காலையில் புல்வெளிக்குத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்தும் பணியாளர்கள் காத்து வருகின்றனர். இம்முறையைக் குறை சொல்வதற்கில்லை. எனினும், வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போதே எச்சரிக்கும் உணர்கருவிகளும், தானியங்கித் தெளிப்பான்களும், கண்ணாடி மாளிகைக்கான வெப்பக் கட்டுப்பாட்டுச் சாதனங்களும் போதிய அளவில் கிடைத்தால், அவர்களுடைய உழைப்புக்குக் கூடுதல் பலன் இருக்கும். மலேரியா மருந்தான கொயினா தரும் சிங்கோனா மரத்தில் பட்டை உரித்த இடத்தைப் பாசியால் மூடி, புதுப்பட்டை வளரச் செய்து காட்டியவர் மக்ஐவர். அத்தகைய ஒருவர் அமைத்த பூங்காவை மே மாத மலர்க் கண்காட்சிக்கான சுற்றுலாத் தலமாக மட்டுமே கருதுவது எனக்கு உடன்பாடில்லை.

தோட்டக்கலைத் துறை அனுப்பும் கருத்துருவில் கருவிகளின் விலையோடு, பராமரிப்பு ஒப்பந்தம், உதிரிப் பாகங்கள், பணியாளர் பயிற்சி ஆகியவற்றுக்கான செலவும் இடம்பெற வேண்டும் (பழுதான இயந்திரங்கள் கிடங்கில் துருப்பிடிப்பது நமக்குப் புதிதல்லவே). வரும் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குத் தனித் தலைப்பில் ஒதுக்கீடு செய்யுமாறு தமிழக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உதகமண்டலம்