அந்தக் கால்தடம் இன்னும் மறையவில்லை, கயல்

அன்புள்ள கயல்,

போன மே மாதம் நீ ஒட்டாவாவுக்கு வந்தபோது மேர் ப்ளூ சதுப்புநிலத்தில் உன்னை அதட்டினேன். ஏன் என்று இதுவரை சொல்லவில்லை. பூச்சி தின்னும் குடுவைச் செடியைக் கிட்டத்தில் படம் எடுக்க, பலகைப் பாதையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தாய். கணுக்கால் வரை உள்ளே போனது. "மேலே ஏறு!" என்று நான் போட்ட சத்தத்தில் முன்னால் நடந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உன் முகம் வாடிவிட்டது. நீ விழுந்துவிடுவாய் என்று பெரியம்மா பயந்ததாக நினைத்திருப்பாய். நான் பதறியது அந்தப் பாசிக்காக.

போன வாரம் தனியாகப் போயிருந்தேன். மூன்று மாதத்துக்கு மேல் ஆகியும் உன் கால்தடம் அப்படியே இருக்கிறது. குதிகால் பதிந்த இடத்தில் தேநீர் நிறத்தில் நீர் நிற்கிறது. சுற்றிலும் பாசி வெளுத்துக் கிடக்கிறது. உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நீ மிதித்தது ஸ்பாக்னம் பாசி. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். முதல் உலகப் போரில் இதை உலர்த்திக் காயங்களுக்குக் கட்டினார்கள், அவ்வளவு உறிஞ்சும். தன்னைச் சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கிவிடுவதும் இதன் குணம். புளிப்பு, குளிர், காற்றுப் புகாத ஈரம் மூன்றும் சேர்ந்தால் செத்த செடி எளிதில் மக்காது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள். மேலே பாசி வளர, கீழே பழைய பாசி மக்காமல் படிந்துகொண்டே போகிறது. அந்தப் படிவுக்குத்தான் பீட் என்று பெயர்.

ஒரு காலத்தில் ஒட்டாவா ஆறு ஓடிய பழைய தடத்தில், 7,000 ஆண்டுகளுக்கும் மேலாக இது நடக்கிறது. சில இடங்களில் 5, 6 மீட்டர் ஆழம். கணக்குப் போட்டுப் பார்: ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஒரு சாண் பீட் சேர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பாதையோரம் உன் இடுப்பளவு நின்ற கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களைக் கன்று என்றாய். உணவே இல்லாத இந்த ஈரத்தில் அவை வளர்வது அவ்வளவு மெதுவாக. அந்த உயரத்திலேயே உன் பாட்டியைவிட மூத்தவையாக இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது கனடா விமானப் படை குண்டு போட்டுப் பழகிய இடம் இது என்றால் நம்புவாயா? பாழ்நிலம் என்று நினைத்தால்தான் ஓர் இடத்தின்மேல் குண்டு போட மனம் வரும். 1995-இல் இதே நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 1998 முதல் ஆராய்ச்சியாளர்கள் இங்கே ஒரு கோபுரம் வைத்து, நிலம் உள்ளிழுக்கும் கரியமில வாயுவையும் வெளிவிடுவதையும் அளந்து வருகிறார்கள். உலகின் நிலப்பரப்பில் பீட் நிலங்கள் வெறும் 3 சதவீதம்தான். ஆனால் எல்லாக் காடுகளின் மரம் செடிகளும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமம் அவற்றில் அடங்கியிருக்கிறது. நீரை வடித்துக் காயவிட்டால் அத்தனையும் மெல்ல மெல்லக் காற்றுக்குப் போய்விடும்.

நீ படம் எடுக்க நினைத்த அந்தக் குடுவைச் செடியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பலகையில் குப்புறப் படுத்து, ஒரு முழ தூரத்தில் பார்த்தேன். குடுவையின் வாயில் சிவப்பு நரம்புகள். உதட்டில் கீழ்நோக்கி வாரிவிட்டதுபோல் மெல்லிய முடிகள். இறங்கும் எறும்புக்கு வழி விடும், ஏறுவதற்கு விடாது. உள்ளே மழைநீர். மண்ணில் கிடைக்காத சத்தை இப்படி விழும் பூச்சிகளிடமிருந்து செடி எடுத்துக்கொள்கிறது. அந்தக் குடுவை நீரில் மட்டுமே வளரும் ஒரு கொசு இனமும் உண்டு. குளிர்காலத்தில் அதன் புழு குடுவையோடு உறைந்து கிடந்து, பனி உருகியதும் மறுபடி நெளியும். ஒரு கை அகலச் செடிக்குள் இவ்வளவு குடித்தனம் நடக்கிறது, கயல். அதனால்தான் எனக்கு அன்று அவ்வளவு கோபம். ஆனால் ஊர் பார்க்கக் கத்தியது தப்பு. காரணத்தை அங்கேயே நின்று பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் மூன்றாவது வாரம் விடுமுறை கிடைத்தால் ரயிலில் டிக்கெட் போட்டுவிடு. தாமராக் என்றொரு மரம் இருக்கிறது. ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர்க்கும். உதிர்ப்பதற்கு முன் சதுப்பு முழுவதும் மஞ்சள் பூசியதுபோல் நிறம் மாறும். மேர் ப்ளூ என்றால் பிரெஞ்சில் நீலக் கடல். விடியற்காலையில் மூடுபனி படர்ந்திருக்கும்போது பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று கேட்க மாட்டாய். பனி கலைவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆறரைக்கெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பிவிடலாம். சுற்றுப்பாதை 1.2 கிலோமீட்டர்தான் என்றாலும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி வை.

பெரியப்பாவின் நீள லென்ஸை எடுத்து வைக்கிறேன். பலகையில் படுத்தபடியே அந்தக் குடுவைச் செடியை நன்றாக எடுக்கலாம்.

அன்புடன்,
பெரியம்மா