எங்கள் தெரு மின்கம்பத்தில் நியூட்ரல் இணைப்பைச் சரிசெய்யக் கோரும் நினைவூட்டல் மனு

அனுப்புநர்:
தெருவாசிகள் சார்பில், வீட்டில் ஜிகர்தண்டா தயாரித்து விற்கும் குடும்பத்தலைவி,
வைகை வடகரை, மதுரை.

பெறுநர்:
உயர்திரு உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
எங்கள் பகுதி மின் பகிர்மானப் பிரிவு, மதுரை.

பொருள்: மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வீட்டு உபயோகப் பொருள்கள் கருகுவது – நியூட்ரல் இணைப்பைப் புதுப்பித்துத் தர வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து முன்னர் அளித்த மனுக்களும் தொலைபேசிப் புகார்களும். பதில் ஏதும் வரப்பெறவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தங்களுக்குப் புதிதல்ல. பிள்ளையார் கோவில் முக்கில் உள்ள டிரான்ஸ்பார்மர், தறிக்கூடத்துக்கு எதிரே சாய்ந்து நிற்கும் கம்பம் எல்லாம் தாங்கள் நேரில் பார்த்தவையே. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. அந்தச் சாய்ந்த கம்பத்தில், வீடுகளுக்கு வந்த மின்சாரம் திரும்பிப் போகும் பொதுக் கம்பியான நியூட்ரல் கம்பியின் இணைப்பு தளர்ந்துவிட்டது. காற்றடித்தால் பொறி பறக்கிறது.

2. இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று தங்களுக்குச் சொல்ல நான் யார்? இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன். வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். சென்ற மாதம் எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது எங்கள் வரிசையில் 318, எதிர் வரிசையில் 140. ஒரே தெரு, ஒரே நேரம். அங்கே மின்விசிறி சுற்ற முடியாமல் முனகுகிறது. இங்கே பல்பு வெடிக்கிறது. தெருவுக்கு மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளைத்தான் பேஸ் என்கிறார்கள். நியூட்ரல் இல்லாதபோது சுமை அதிகமுள்ள பேஸில் அழுத்தம் இறங்கி, சுமை குறைந்த பேஸில் ஏறிவிடுமாம். எதிர் வரிசையில் தண்ணீர் மோட்டார் போட்டால் எங்கள் வரிசையில் டிவி கருகுகிறது என்றால், அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

3. டிவி போகட்டும், மிக்சி போகட்டும். எங்கள் வயிற்றில் அடித்தது ஃப்ரீசர் போனதுதான். மகளிர் குழுவில் கடன் வாங்கி வாங்கிய ஃப்ரீசர் அது. அதற்கென்று தனி இணைப்பு எடுத்து வணிகக் கட்டணம் செலுத்துகிறோம். ஒரு முறைகூடத் தவணை தவறியதில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சி, ஐஸ்க்ரீம் பிடித்து, அதில் வைத்துத்தான் மாலையில் என் கணவர் வண்டியில் கொண்டுபோவார். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள் இரவு, ஊரே தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்க்கத் திரண்டிருந்த நேரம், விளக்கெல்லாம் ஒரு கணம் வெள்ளையாகப் பிரகாசித்தது. முதலில் ஸ்டெபிலைசர் புகைந்தது. அடுத்து ஃப்ரீசரின் பின்பக்கம் டொக் என்று ஒரு சத்தம், கருகிய வார்னிஷ் வாடை. மூடியைத் திறக்காமல், சாக்கு போட்டுப் போர்த்தி, பனிக்கட்டி தேடி அலைந்தும் பயனில்லை. விடிந்து பார்த்தால் இரண்டு நாள் உழைப்பு பழுப்பு நிறத் தண்ணீராகி அடியில் நின்றது. சாக்கடையில்தான் ஊற்றினோம். வருடத்தில் நாங்கள் கையில் காசு பார்ப்பது அந்தச் சித்திரைத் திருவிழா வாரத்தில்தான், ஐயா. கம்ப்ரசர் மாற்றக் கடன், பழைய கடனுக்கு வட்டி, வாடிக்கைக்காரர்கள் வேறு வண்டிக்குப் போனது – இதற்கெல்லாம் எந்தப் படிவத்தில் மனு எழுதுவது?

4. “இடி இறங்கியிருக்கும்” என்கிறார்கள். அன்று வானத்தில் மேகமே இல்லை. “நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள்” என்கிறார்கள். போட்டதுதான் முதலில் எரிந்தது. ஸ்பைக் கார்டும் வாங்கினோம். அது மின்னல் போல வந்து போகும் எழுச்சியைத்தான் தாங்கும், நிமிடக்கணக்கில் 300 வோல்ட் நின்றால் அதுவும் கருகிவிடும். மெயின் போர்டில் உள்ள எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச், கரண்ட் மிஞ்சினால் விழுமே தவிர, வோல்டேஜ் மிஞ்சினால் விழாது. கடைசியாக, அழுத்தம் ஏறியதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் வைத்துவிட்டோம். அது ஃப்ரீசரைக் காப்பாற்றுகிறது. உள்ளே இருக்கும் ஐஸ்க்ரீமை யார் காப்பாற்றுவது? கம்பத்தில் இருக்கும் கோளாறுக்கு வீட்டுக்குள் எத்தனை பெட்டிதான் வாங்கி மாட்டுவது?

5. சேவைத் தரம் தவறினால் இழப்பீடு உண்டு என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் கேட்டு இன்று வரவில்லை. கம்பியைக் கட்டித் தாருங்கள், போதும்.

ஆகவே, நியூட்ரல் இணைப்பைப் புதிதாகப் போட்டு இறுக்கவும், கோடையில் காய்ந்து கிடக்கும் டிரான்ஸ்பார்மர் எர்த் குழியைச் சோதிக்கவும், மூன்று பேஸிலும் வீடுகளைச் சமமாகப் பிரிக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். மூன்றும் ஒரே நாளில் முடியாவிட்டால் முதலாவதையாவது செய்யுங்கள். ஒரு ஆள், ஒரு ஏணி, ஒரு காலைப் பொழுது. அவ்வளவுதான் கேட்கிறோம். பில் கட்ட ஒரு நாள் தாமதித்தால் ஃப்யூஸைப் பிடுங்க ஆள் வருகிறது. இதற்கு மட்டும் ஏன் ஐயா வருவதில்லை?

கோபத்தில் ஏதும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்தருளவும். மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்த நியூட்ரலைச் சரிசெய்து தருமாறு மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
தெருவாசிகள் சார்பில்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், ஃப்ரீசர் பழுதுபார்த்த ரசீது, தெருவாசிகளின் கையொப்பத் தாள்.

குறிப்பு: அனுப்பும் ஊழியரிடம் நீளமான ஏணியைக் கொடுத்து அனுப்பவும். போன தடவை வந்தவர், ஏணி எட்டவில்லை என்று திரும்பிப் போய்விட்டார்.